பந்தின் எடை

சங்கரன்கோவிலில் எங்கள் நண்பர் வட்டம் ஓயாமல் வழக்காடும் பொருள் ஒன்றுண்டு: எவன் நல்ல பந்துவீச்சாளன்? இப்பேச்சு தொடங்கினால் இலக்கியம் பின்வரிசைக்குப் போய்விடும். இப்பக்கத்தின் வாசகர்கள் பொறுத்தருள்க.

பொங்கலையொட்டி நடக்கும் ஊர்ப் போட்டிகள் டென்னிஸ் பந்தில் ஆடப்படுபவை. அதன் எடை ஏறக்குறைய 58 கிராம். லீக் ஆட்டத்தில் கைக்கு வருவதோ 156 முதல் 163 கிராம் வரையுள்ள தோல் பந்து. ஊரில் ஆறு அல்லது எட்டு ஓவரில் ஆட்டம் முடிந்துவிடுவதால், மட்டையாளன் எல்லாவற்றையும் தூக்கியே அடிப்பான். எல்லைக்கோட்டருகே பிடிபட்டால், மோசமான பந்தும் வீசியவன் கணக்கில் விக்கெட்டாகச் சேரும். எனவே எத்தனை விக்கெட் என்று கேட்பதை நாங்கள் விட்டுப் பல காலமாயிற்று. வேகத்தையும் நம்புவதில்லை. முழங்கை நிமிர்வதற்கு விதி தரும் இடம் 15 பாகைதான். ஊர் நடுவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. லேசான பந்தை எறிந்தே வேகம் காட்டுவோர் உண்டு.

நாங்கள் கவனிப்பது, சிக்சர் வாங்கியபின் அடுத்த பந்து எங்கே விழுகிறது என்பதை. சினத்தில் குட்டையாகக் குத்துபவர்களே மிகுதி.

சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியின் நடராஜனை எல்லோரும் எடுத்துக்காட்டுவர். டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டத்தில் இறங்கினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். நடுவில் நடந்ததை மட்டும் எவரும் சொல்வதில்லை. சென்னை லீக்கின் நான்காம் பிரிவிலிருந்து ஏறிவந்தார். 2015இல் ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமானதும் அவர் கைவீச்சு ஐயத்துக்குரியதென்று புகார் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டல்லவா மீண்டு வந்தார்!

விசைத்தறியில் வேலைபார்க்கும் இடக்கைத் தம்பி ஒருவன், திருநெல்வேலியில் லீக் அணித் தேர்வுக்குப் போகலாமா என்று எங்களைக் கேட்டான். போனால் அன்றைய கூலி போகும். தேர்வாகிவிட்டால் ஆட்டமுள்ள நாளெல்லாம் போகும். காலணியின் விலையோ அவனது ஒரு வாரத்துக் கூலிக்கும் மேல். முகத்துக்காகப் புகழ்ந்தால் அவன் வீட்டு அடுப்பில் கைவைத்தவர்களாவோம்.

பழைய தோல் பந்தொன்றைக் கொடுத்து, தென்னைநார் விரிப்பில் ஆறு ஓவர் வீசச் சொன்னோம். முதல் ஓவரில் இரண்டு பந்து மட்டையாளனின் காலுக்கு வெளியே ஓடின. மூன்றாம் ஓவரில் நேராகிவிட்டான். ஐந்தாவதில் தோள் தளர்ந்து, பந்து பாதி வழியிலேயே குத்தத் தொடங்கிற்று. ஆயினும் ஆறாவதில் எங்களில் ஒருவர் தலைக்கு மேலே தூக்கியடித்ததும், அடுத்த பந்தை அதே இடத்தில் போட்டான்.

"இந்த வருசம் வேண்டாம் தம்பி. தோள் இன்னும் பழகல. ஆறு மாசம் இந்தப் பந்துலயே போடு. அடுத்த தேர்வுக்கு நாங்களே கூட்டிட்டுப் போறோம்" என்றோம்.

சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்போ பந்தை நான் கொண்டுபோகட்டுமா அண்ணாச்சி?" என்றான்.