எண்ணும் சுவரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

"சப்நெட்டுக்கும் வி-லேனுக்கும் என்ன வேறுபாடு?" ஆய்வகத்தில் பேராசிரியர் கேட்டார்.

"இரண்டும் வலையமைப்பைப் பிரிப்பவைதாம், ஐயா."

"ஒரே வேலைக்கு இரண்டு பெயர் எதற்கு?"

தலை குனிந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறிய படியிலேயே இறங்கிவிடலாமா என்று அந்த நிமிடம் தோன்றியது.

அவர் சினக்கவில்லை. ஒரே ஸ்விட்சில் நான்கு கணினிகளை இணைக்கச் சொன்னார். 192.168.10.0 வலையின் 256 முகவரிகளை 64 வீதம் நான்காகப் பகுத்தேன். முதற்பகுதி முகவரிகளை இரண்டு கணினிகளுக்கும், அடுத்த பகுதியினுடையவற்றை மற்ற இரண்டுக்கும் கொடுத்தேன். ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குப் பிங் செல்லவில்லை. "பிரிந்துவிட்டன, ஐயா!" என்று மகிழ்ந்தேன்.

அவர் ஒரு கணினியின் முகவரியை மட்டும் மாற்றி எழுதினார். உடனே அது மறு பகுதியோடு பேசியது! பின்னர் ஸ்விட்சின் போர்ட்டுகளை வி-லேன் 10, வி-லேன் 20 என்று பிரித்தார். இப்போது முகவரியை எப்படி மாற்றினாலும் தகவல் மறுபக்கம் போகவில்லை.

விளங்காமல் வீடு திரும்பினேன். கொத்தனாரான என் தந்தையிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கதவுல நம்பர மாத்தி எழுதினா வீடு ரெண்டாயிடுமா தம்பி? நடுவுல சுவர் எழுப்பணும்ல!" என்று சிரித்தார்.

"அப்போ நம்பர் வேணாமாப்பா?"

"தபால்காரருக்கு வேணுமே!"

அந்தக் கணமே எல்லாம் துலங்கியது. முகவரியைப் பகுப்பது சப்நெட். அது மூன்றாம் அடுக்கின் வேலை. பாதையையே பிரிப்பது வி-லேன். அது இரண்டாம் அடுக்கின் வேலை. எல்லோரும் கேட்கும்படி ஒரு கணினி கூவும் பிராட்காஸ்ட், ஒரே ஸ்விட்சில் சப்நெட் எல்லையை மதிப்பதில்லை. வி-லேன் சுவரையோ தாண்டுவதில்லை. இச்சுவருக்குச் செங்கல் வேண்டா. 1998இல் வெளிவந்த 802.1க்யூ தரத்தின்படி, ஸ்விட்சுகளுக்கிடையே செல்லும் தகவலில் 12 பிட் அடையாள எண் பொறிக்கப்படுகிறது. அதைக் கொண்டு 4094 வி-லேன்கள் வரை அமைக்கலாம். வழக்கமாக ஒரு வி-லேனுக்கு ஒரு சப்நெட் தருவர். சுவரின் வாசல், தபால்காரராகிய ரூட்டர்.

மறுநாள் பேராசிரியரிடம் சரியான விடை சொன்னேன். அதில் பாதி என் தந்தையுடையது. தோழர்களே, வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை என்று இனி நான் வருந்தமாட்டேன்.