வெண்மான்கன்று பிழைத்த கதை

அமெரிக்க மேற்கு எல்லைப்புறப் படம் என்றதும், துப்பாக்கிச் சூடுபட்டுக் குதிரையிலிருந்து சரியும் செவ்விந்தியனே நம் கண்முன் தோன்றுகின்றான். அவனுக்குப் பெயர் கிடையாது, தாய் கிடையாது, விழுந்தபின் எடுத்து அடக்கஞ் செய்வோரும் கிடையாது. நாம் இளமையிற் கண்ட கௌபாய்ப் படங்கள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தன. சினிமா தோன்றிய நாள்தொட்டு இதுவே வழக்கமென எண்ணுவோர் உளர். ஆயின், ஊமைப்படக் காலத்தின் வரலாறு அவ்வளவு நேரானதன்று.

1910இல் பதே கம்பனிக்காக ஜேம்ஸ் யங் டீயர் என்பார் 'வைற் ஃபோன்ஸ் டிவோஷன்' என்ற குறும்படத்தை இயக்கினார். தம்மை வின்னபேகோ குலத்தவரெனக் கூறிக்கொண்ட அவர், டெலவேர்ப் பகுதி நன்ரிகோக் மக்களின் வழிவந்தவர் என்பதைப் பின்னாளைய ஆய்வு காட்டியது. ஒடுக்கப்பட்டோர் தம் பிறப்பையே மாற்றிச் சொல்ல நேர்வது நமக்குப் புதிய செய்தியா?

படத்தின் கதை எளியது. தொல்குடிப் பெண்ணை மணந்த வெள்ளையனுக்கு இங்கிலாந்திலிருந்து சொத்துரிமைக் கடிதம் வருகின்றது. போனவன் திரும்பான் என அஞ்சி அவள் தன்னைத் தானே கத்தியாற் குத்திக் கொள்கின்றாள். தந்தையே தாயைக் கொன்றான் என நினைந்து சிறுமகள் குலத்தாரிடம் ஓடுகின்றாள். அவனைத் தண்டிக்கும் வேளையில் தாய் உயிருடன் வந்து நிற்கின்றாள். குடும்பம் பிரியவில்லை. இவ்வளவுதான் படம்.

இதே கருவைக்கொண்ட புகழ்பெற்ற நாடகத்தை 1914இல் செசில் பி. டிமில், ஒஸ்கார் அப்ஃபெலுடன் சேர்ந்து 'த ஸ்குவோ மான்' எனப் படமாக்கினார். ('ஸ்குவோ' என்பது தொல்குடிப் பெண்களை இழிக்கும் சொல்.) அதில் அந்தப் பெண் தன்னை மாய்த்துக்கொள்கின்றாள். மகனை இங்கிலாந்துக்கு அனுப்பிவிடத் துணிகின்றான் தந்தை. தாய் இறந்தாலன்றிக் கதை முடியாது போலும்! அப்பாத்திரத்தை ஏற்றவர் றெட் விங் என்ற பெயரில் நடித்த லிலியன் சென்ற் சிர். அவர் நெப்ரஸ்கா வின்னபேகோ குலத்தவர். யங் டீயரின் மனைவியுமாவார். ஆக, தொல்குடி முகம் திரையில் இருந்தது. முடிவைத் தீர்மானிக்கும் கை மட்டும் வேறாயிருந்தது. டிமில் இக்கதையை 1918இலும் 1931இலும் மீண்டும் படமாக்கினார். 1918இல் அப்பாத்திரம் வெள்ளை நடிகையான ஆன் லிற்றிலுக்குச் சென்றது. 1931இல் மெக்சிக்கோ நடிகை லூப்பே வெலஸுக்கு. முகமும் போயிற்று.

ஆகவே, பிரதிநிதித்துவம் என்பதை எத்தனை பேர் திரையில் நின்றனர் என்ற கணக்காக மட்டும் கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. 1923இல் வெளியான 'த கவர்ட் வாகன்' படத்திலும் தொல்குடியினர் கூட்டமாக நின்றனர், வண்டித்தொடரை மறிப்பதற்காக.

இடையே ஒரு விந்தையும் நிகழ்ந்தது. 1920இல் ஒக்லஹோமாவின் விச்சிற்றா மலைப்பகுதியில் ஏறத்தாழ 300 கொமாஞ்சி, கயோவா மக்கள் நடிக்க 'த டோட்டர் ஒவ் டோன்' படமாக்கப்பட்டது. இயக்கியவர் வெள்ளையரான நோர்பேர்ட் மைல்ஸ். கதை சாதாரணக் காதற்கதை. அதனைப் பெரிதாகப் புகழ வேண்டியதில்லை. ஆயின் அதில் வெள்ளைப் பாத்திரம் ஒன்றேனும் இல்லை. கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கரின் மகன் வைற் பார்க்கர் கதாநாயகனாக நடித்தார். மகள் வனாடாவும் நடித்தார். அம்மக்கள் தம் ஆடைகளையும் கூடாரங்களையும் குதிரைகளையும் தாமே கொணர்ந்தனர். அரசின் விடுதிப் பள்ளிகள் அவர்தம் பிள்ளைகளின் கூந்தலைக் கத்தரித்து, தாய்மொழியைத் தடுத்த காலம் அது. பேழைக்குள் ஒளிந்திருந்த உடைகள் காமராவின் முன் வெயிலைக் கண்டன.

அப்படம் சில இடங்களிற் காட்டப்பட்டுப் பல்லாண்டு மறைந்து கிடந்தது. இந்நூற்றாண்டில் ஒக்லஹோமா வரலாற்றுச் சங்கம் அதனைப் பெற்றுப் புதுப்பித்தது. நடித்தோரின் சந்ததியார் அதனைப் பார்த்து, இவர் என் பாட்டனார், இவர் என் பெரியதாயார் எனப் பெயர்சொல்லி இனங்கண்டனர்.