வயர்லெஸ் கீபோர்டு வாங்கப் போறீங்களா? முதல்ல கையைப் பாருங்க

1/ டிஸ்சார்ஜ் சம்மரி, ரெஃபரல் லெட்டர், ராத்திரி கொஞ்சம் தமிழ் எழுத்து. என் நாள்ல பாதி டைப்பிங்தான். உங்களுக்கும் அப்படின்னா இந்த த்ரெட் உங்களுக்கு.

2/ மணிக்கட்டு: கீபோர்டின் பின்கால்களைத் தூக்கி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். கார்பல் டனலுக்குள் போகும் மீடியன் நரம்பில் அழுத்தம் கூடும். காலை மடக்கிடுங்க. உயரம் குறைந்த மாடல் நல்லது.

3/ தோள்: நம்பர் பேடு மவுஸை வலப்பக்கம் தள்ளிடும், கை விரிஞ்சே இருக்கும். கணக்கு வேலைன்னா அது வேணும். எழுத்து மட்டும்னா இல்லாத மாடலே போதும்.

4/ இணைப்பு: லேப்டாப், போன்னு மாத்தி மாத்தி எழுதுறவங்களுக்கு ப்ளூடூத். ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர்னா யூஎஸ்பி டாங்கிள். ரெண்டும் சேர்ந்ததும் கிடைக்குது.

5/ முக்கியம்: சில மலிவான டாங்கிள் கீபோர்டுகள் நீங்க அடிப்பதை என்கிரிப்ட் செய்யாமலே அனுப்புவதை 2016-ல் பாஸ்டில் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினாங்க. உங்களுக்கு அது பாஸ்வேர்டு. எனக்கு அது ஒரு நோயாளியின் எச்.ஐ.வி. ரிசல்ட். பெட்டியில் 'ஏஇஎஸ் என்கிரிப்ஷன்' இருக்கான்னு பார்த்துதான் நான் வாங்குவேன்.

6/ தமிழ் எழுத்து அச்சடிச்ச கீபோர்டைத் தேடி அலைய வேண்டாம். தமிழ்99-ல் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. விரல் தானா பழகிடும்.

7/ கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி தூக்கம் கலையுதா? புதுக் கீபோர்டு தேடாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. சர்க்கரை, தைராய்டும் காரணமா இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும்.