படங்கும் கம்பளியும்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் பெருவீதி கித்துல்கலையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகின்றது. கினிகத்தேனை தாண்டி வட்டவளையை அணுகும்போது முகிலும் வீதியும் ஒன்றாகி விடுகின்றன. இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் வட்டவளையும் ஒன்று. ஆண்டொன்றில் 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை இங்கு பொழிகின்றது. யாழ்ப்பாணத்து வயல்கள் பெறும் மழையைப் போல இது ஏறத்தாழ நான்கு மடங்கு.

தென்மேற்குப் பருவக்காற்று வீசிய ஆடி மாதத்திலே நாம் அங்கு சென்றோம். கொட்டும் மழையில் நிரை நிரையாக நின்று பெண்கள் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தனர். இரு கைகளும் கொழுந்துக்கே உரியவை. குடை பிடிக்க மூன்றாவது கை ஏது? ஆகவே அவர்தம் உடையே அவர்க்குக் குடையாக வேண்டியிருக்கின்றது.

அவ்வுடையை உற்று நோக்கினோம். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருப்பதைப் படங்கு என்பர். தேயிலைச் செடி இடுப்பளவு நிற்பது. கவ்வாத்துச் செய்த கிளைகள் உடலைக் கீறும். இலைகளோ அடிதோறும் நீரைச் சொரியும். மேலிருந்து விழும் மழையைப் போலவே பக்கத்திலிருந்து வரும் ஈரமும் பெரிது. அதனை அறிந்தவர் கண்ட காப்பே படங்கு. முன்னாளில் அது சணற்சாக்கு. இன்று உரப்பையும் பொலித்தீனும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன.

தலையிலிருந்து முதுகுவரை தொங்கியது முன்னாளில் கம்பளி. நனைந்த பின்னும் சூடு காப்பது அதன் குணம். நீரைக் குடித்துக் கனப்பது அதன் குறை. தோட்டங்கள் கம்பளியைக் கொடுத்து, அதன் விலையைத் தொழிலாளர் கணக்கிலேயே பற்றெழுதிய காலமும் இருந்தது.

கடையில் விற்கும் மழைச்சட்டை உதவாதோ என்று முதியவர் ஒருவரிடம் வினவினோம். “வெளி மழையை அது தடுக்குமுங்க ஐயா, உள்ளே வேர்க்கிற மழையை எது தடுக்கும்?” என்றார் அவ்வம்மையார்.

அவர் கூற்றில் ஒரு நூலளவு பொருள் அடங்கியிருந்தது. 1823 இல் சாள்ஸ் மக்கின்டோஷ் இரு துணிகளுக்கிடையே இறப்பரை வைத்து நீர்புகாத் துணிக்கு உரிமம் பெற்றார். நீரைத் தடுக்கும் வித்தை அன்றே கைவந்தது. ஆயினும் நீரைத் தடுத்தல் ஒன்று. தொழிலுக்கு இசைதல் வேறொன்று. மலையேறி இறங்குபவர் உடல் வியர்க்கும். காற்றுப் புகாத சட்டை அவ்வியர்வையை உள்ளே அடைத்து வைக்கும். கூடைக்கயிறு தலையில் பதிய வேண்டும். சட்டையின் தொப்பி அதனை வழுக்கச் செய்யும். தொளதொளத்த கை, கிளையில் மாட்டிக் கிழியும். நடப்பவருக்குத் தைத்த சட்டை பறிப்பவருக்குப் பொருந்தாமற் போவதன் காரணம் இதுவே.

ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டுத் தேயிலைக்குக் கிடைத்த கவனிப்பை எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலையில் அதன் ஈரத்தை நூற்றுக்கு 3 பங்கு அளவுக்குக் குறைத்து உலர்த்துகின்றனர். பின்னர் ஈரம் அணுகாதபடி, முன்னாளில் உலோகத்தாள் விரித்த மரப்பெட்டியிலும், இந்நாளில் பல மடிப்புக் கடதாசிப் பையிலும் அடைத்துக் கப்பலேற்றுகின்றனர். இலைக்கு இத்துணைக் காப்பு. இலையைப் பறிப்பவருக்கோ பழைய உரப்பை!

இத்தனைக்கும் உலகத்தாருக்கெல்லாம் ஆடை தைத்து அனுப்பும் நாடு நம்முடையது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பு ஒரு கல்வியாகவே போதிக்கப்படுகின்றது. முதுகில் காற்றுப் புக வழி, முன்புறத்தில் இரட்டைத் துணி, கயிறு பதியும் இடத்தில் வழுக்காத பட்டை, லயத்து அறையில் ஓரிரவில் உலரும் இயல்பு, ஒரு நாட்கூலியை விழுங்காத விலை: இவ்வைந்தும் அமைந்த ஓர் உடை நம்மவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

அதனைத் தைக்க விரும்பும் மாணவர், அளவுநாடாவுடன் ஒரு மழைநாளில் மலையேறி, நிரையில் நிற்கும் தாய்மாரிடமே முதற்பாடம் கேட்பாராக. படங்கை ஆக்கியவர் அவர்களே அல்லரோ!