ஹைப்பரா, ஹைப்போவா?

1/ அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சு, 2020-ல் வந்த 7.5% உள் ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்த தம்பி, தங்கச்சிகளா... "இங்கிலீஷ் வராதே"ன்னு பயமா? இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

2/ டிக்‌ஷனரியை மனப்பாடம் பண்ணாதீங்க. எதிர்ச்சொல்லோட ஜோடியா படிங்க. ஹைப்பர்னா கூடுதல், ஹைப்போன்னா குறைவு. டாக்கின்னா வேகம், பிராடின்னா மெதுவு. எத்தனையோ பெரிய சொல் தானா உடையும்.

3/ இது மார்க் விஷயம் மட்டுமில்ல. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினா ஹைப்போகிளைசீமியா. உடனே சர்க்கரை ஏத்தணும். அதை ஹைப்பர்னு நினைச்சு இன்சுலின் போட்டா உயிரே போகலாம். காதுல விழும்போது ஒரே ஒரு அசைதான் வித்தியாசம்!

4/ அடுத்து, இடம் பார்த்துப் பொருள் எடுங்க. 'அக்யூட்' கணக்குப் பாடத்துல குறுங்கோணம். வார்டுல, திடீர்னு வந்த நோய். அதுக்கு எதிர்ச்சொல் 'க்ரானிக்', நாள்பட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்ல 'அன்ரிமார்க்கபிள்'னு இருந்தா பதறாதீங்க, நல்ல சேதிதான்.

5/ ஒரே பொருள் மாதிரி தெரியுற சொல்லெல்லாம் ஒண்ணு இல்ல. ஓபில நம்மூர்ப் பாட்டி "மயக்கமா வருதுய்யா"ன்னு சொன்னா, நினைவு தப்புச்சா, தலை சுத்துச்சான்னு கேட்போம்ல? முதலாவது சின்கபி, ரெண்டாவது வெர்டைகோ. வைத்தியமே வேற. பாட்டி சொல்லைப் பிரிச்சுக் கேட்கத் தெரிஞ்ச உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லும் பிடிபடும்.

6/ ஒத்த சொற்களைத் திரட்டி 1852-ல் தெசாரஸ் வெளியிட்ட பீட்டர் மார்க் ரோஜேவும் டாக்டர்தான். நீங்க தினம் அஞ்சு ஜோடி, கேஸ் ஷீட்ல இருந்தே எடுத்து எழுதுங்க. போதும்.