பூஜ்யம் புள்ளி ஐந்து ஏழு ஏழு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அங்கே நிற்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பஸ்ஸுக்காக நிற்பவர்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஒரு ஷிப்டை இறக்கிவிட்டு இன்னொரு ஷிப்டை ஏற்றிக்கொண்டு போகின்றன. புதுக் கார்களை இரண்டடுக்காகச் சுமந்த நீள லாரி திரும்பும்போது மட்டும் எல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிடும்.

டீக்கடை பெஞ்சின் ஒரு முனையில் நான். மறுமுனையில் அந்தப் பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். சுடிதாருக்கு மேல் சாம்பல் நிறக் கம்பெனிக் கோட்டு, பைக்குள் செருகிய அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. பக்கத்தில் கல்லூரிப் பையன் ஒருவன். ஒரே ஊர்க்காரர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. அவன் மடியில் விரிந்து கிடந்தது நிகழ்தகவு–புள்ளியியல் புத்தகம். மூலை மடிந்து, நடுவில் பேனா செருகி, பரீட்சைக்கு முந்தின வாரத்துப் புத்தகத்துக்கே உரிய கோலத்தில் இருந்தது.

"கடைசி யூனிட்டு ஏறவே மாட்டேங்குதுக்கா. ஃபார்முலாவ மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

"என்ன யூனிட்டு?"

"கன்ட்ரோல் சார்ட்டு. எக்ஸ் பார், ஆர்."

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "இத காலேஜ்லயா சொல்லித் தர்றாங்க? ஆறு வருசமா தெனமும் நான் போடுற சார்ட்டுடா இது."

அவன் நம்பாமல் பார்த்தான். அந்தப் பார்வையில் எனக்கு வியப்பில்லை. நான் படித்த காலத்திலும் புள்ளியியல் என்றால் பெட்டிக்குள் கிடந்த சிவப்பு, கறுப்புப் பந்துகள்தான். நாணயம் சுண்டினோம், பகடை உருட்டினோம், வீட்டில் தொடவிடாத சீட்டுக்கட்டைத் தாளில் கலைத்துக் கலைத்துப் பிரித்தோம். நிஜமான எந்தப் பொருளையும் அளந்து, அது ஏன் ஒன்றுபோல் இல்லை என்று எங்களை யாரும் கேட்கவிட்டதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ கைகள் அந்த ஒரு கேள்வியோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்டுகின்றன. பாடம் சாலையின் ஒரு பக்கமும் பொருள் மறுபக்கமும் கிடப்பது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

அவள் அவன் நோட்டை வாங்கி எழுதினாள்: 12, 14, 11, 15, 13. "ஷாஃப்ட்டு. இருபது மில்லிக்கு மேல எத்தன மைக்ரான்னு வெச்சுக்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அஞ்சு பீசு எடுப்பேன். சராசரி எவ்ளோ?"

"பதிமூணு."

"பெருசுலேர்ந்து சின்னதக் கழி."

"நாலு. அதான் ரேஞ்சு, ஆர்."

"அந்த ரெண்டையும் சார்ட்டுல புள்ளியா வெப்பேன். ரொம்ப நாள் ஆரோட சராசரி நாலுன்னு வை. அத பூஜ்யம் புள்ளி அஞ்சு ஏழு ஏழால பெருக்கு. ரெண்டு புள்ளி மூணு. பதிமூணுக்கு மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. புள்ளி வெளிய போச்சுன்னா மெஷின நிறுத்தச் சொல்லுவேன்."

"அப்ப பதினஞ்சு புள்ளி மூணுக்கு மேல வந்த பீசெல்லாம் ரிஜெக்டா?"

"இல்லடா. ரிஜெக்ட்டு டிராயிங் சொல்றது. இது மெஷின் சொல்றது. ரெண்டும் வேற."

பல புத்தகங்கள் ஒரு பக்கம் செலவழித்தும் குழப்பிவிடுகிற இடம் அது. அவள் டீ ஆறுவதற்குள் தாண்டிவிட்டாள்.

பையன் வேறெங்கோ நின்றுவிட்டான். "பூஜ்யம் புள்ளி அஞ்சு ஏழு ஏழு... டேன் முப்பது டிகிரிதானே அது? இதுல கோணம் எங்கக்கா வந்துச்சு?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. "சார்ட்டு மேலயே ஒட்டியிருக்கும். எங்க எஞ்சினியர் குடுத்தது. பெருக்குவேன், அவ்ளோதான்."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அது கோணம் இல்லை. இரண்டு எண்கள் மூன்று தசம இடம் வரை ஒத்துப்போனது தற்செயல். வாயைத் திறந்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவர்கள் தேடுகிற முகத்தைப் பார்த்தபின் திறக்கத் தோன்றவில்லை.

அவன் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். பொடி எழுத்து அட்டவணை. ஐந்து என்ற வரிசையில் விரல் நின்றது: 2.326. இயல்நிலைப் பரவலிலிருந்து ஐந்து ஐந்தாக எடுத்துக்கொண்டே போனால், அவற்றின் வீச்சு சராசரியாகத் திட்டவிலக்கத்தைப் போல் 2.326 மடங்கு இருக்கும். கணினி இல்லாத 1925இல் டிப்பெட் என்ற ஆங்கிலேயர் இந்த வகை எண்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். பருத்தித் தொழிலுக்கான ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஆலைக்காரரின் எண், ஒரு நூற்றாண்டு கழித்து, ஒரகடத்து பெஞ்சுக்கு வந்திருந்தது.

"சிக்மா வேணும்னா ஆர் பாரை இதால வகுக்கணும்," என்று தனக்குள் பேசியபடி எழுதினான். "அஞ்சு பீசோட சராசரி ஒத்தப் பீசு அளவுக்கு ஆடாது. அதனால ரூட் அஞ்சால ஒரு தடவ வகுக்கணும். மேல மூணு சிக்மா..." 2.326ஐ 2.236ஆல் பெருக்கினான். 5.201. மூன்றை அதனால் வகுத்தான்.

0.577.

இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். ஆறு வருஷம் தினமும் கையில் புழங்கிய எண். அதற்கு அப்பன் ஆத்தாள் உண்டு என்று அன்றுதான் தெரிந்தவள்போல் இருந்தது அந்த முகம்.

"அது ஏன் மூணு?"

"சும்மா ஆடுற ஆட்டம்னா ஆயிரம் தடவைக்கு மூணு தடவகூட வெளிய போகாதுக்கா. ரெண்டு புள்ளி ஏழுதான்."

"அப்ப வெளிய போனா, சும்மா போகல."

"ஆமா." அவன் நிமிர்ந்தான். "அக்கா, இதான் ஹைபோதெசிஸ் டெஸ்டிங்கு! மூணாவது யூனிட்டே இதான்!"

அவள் அந்தப் பெயரைப் பொருட்படுத்தவில்லை. "புது ஆபரேட்டர் பசங்க ஒவ்வொரு பீசுக்கும் ஆஃப்செட்ட மாத்துவானுங்க. ஒரு மைக்ரான் ஏறுனா இறக்குவான், இறங்குனா ஏத்துவான். சும்மா கெடந்த மெஷினு கூத்தாடும். கோட்டுக்குள்ள இருக்கு, தொடாதடான்னு கத்துவேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது எனக்கு."

இதே கூத்துதான் அமெரிக்காவில் டெலிபோன் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையிலும் நடந்தது. தானாக வரும் ஆட்டம் எது, காரணம் தேட வேண்டிய ஆட்டம் எது என்று பிரித்துக்காட்ட, 1924 மே 16 அன்று வால்டர் ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். அதிலிருந்த படம்தான் இவள் தினம் போடும் சார்ட்டின் முதல் வடிவம். இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931இல் கல்கத்தாவில் தொடங்கிய மகலனோபிஸ் அவரை அழைக்க, 1947–48 குளிர்காலத்தில் ஷூஹார்ட் இங்கே வந்தார். சுதந்திரம் வந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நிறையும்.

மேம்பாலப் பக்கமிருந்து பஸ் ஒன்று திரும்பியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்து அவள் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். இரண்டடி வைத்தவள் திரும்பி வந்தாள்.

"நாலு பீசுக்குப் போடு."

"ஏங்க்கா?"

"போடுடா, பஸ் போயிரும்."

அவன் விரல் அட்டவணையில் ஒரு வரி மேலே ஏறியது. 2.059. ரூட் நாலு, இரண்டு. 4.118. போன் கால்குலேட்டரில் தட்டினான். "பூஜ்யம் புள்ளி ஏழு ரெண்டு எட்டு அஞ்சு. ரவுண்டு பண்ணா ஏழு ரெண்டு ஒம்போது."

"பக்கத்து லைன்ல நாலு பீசு எடுப்பாங்க. அங்க அதான் ஒட்டியிருக்கு," என்றாள். நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கேட்காமலே கிழித்து, நான்காய் மடித்துக்கொண்டு ஓடினாள்.