மீட்டர் வேண்டாம் என்றவன்

என் பங்காளியின் கிணறு வற்றியதற்கு நான்தான் காரணம். அது தெரிந்தும் ஊர்க் கூட்டத்தில் மழையின் மேல் பழி போட்டேன். கேள்வி கேட்ட அவர் மகனின் வாயை அடைத்தேன். நீங்கள் தீர்ப்புச் சொல்லும் முன் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டம். பாறைப் பூமி. பவானி ஆற்றின் அத்திக்கடவுத் தண்ணீர் வந்தால்தான் விடிவு என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதற்காகப் பல மேடைகளில் பேசினேன். பேசியது பொய்யில்லை. குளங்கள் காய்ந்துதான் கிடந்தன. ஆனால் என் தோட்டத்தில் ஆயிரம் அடி போர் இருந்தது. கரண்ட் இலவசம். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. வாழை போட்டிருந்தேன்.

எங்கள் மண்ணுக்கடியில் தண்ணீர் பாறை இடுக்குகளில்தான் நிற்கிறது. பக்கத்துத் தோட்டக் கிணற்றுக்கு ஊறி வந்த இடுக்கை என் போர் கீழே இழுத்தது. மறு கோடையில் அங்கே ஊற்று நின்றது. பங்காளி வீட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை.

“கொஞ்ச நாளைக்கு ராத்திரியில மட்டும் மோட்டாரை நிறுத்து. கெணத்துல ஊறுதான்னு பாக்கலாம்” என்றார்.

“மழை பேஞ்சாச் சரியாப் போயிருமுங்ணா” என்றேன்.

நிறுத்தவில்லை. வாழை குலை தள்ளும் நேரம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. நிறுத்தி, அவர் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டால் குற்றம் உறுதியாகிவிடும். அந்தச் சோதனைக்குத்தான் பயந்தேன்.

2019 பிப்ரவரியில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பழைய யோசனை, மேலே அத்திக்கடவிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தானாக ஓடவிடுவது. வந்த திட்டமோ, பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகக் குழாயில் மேலேற்றுவது. வாய்க்காலா பம்பா என்று எங்கள் கூட்டத்தில் வாதம். கரண்ட் செலவைப் பற்றி நான்தான் உரக்கப் பேசினேன். அப்போது பங்காளி மகன் எழுந்தான்.

“சித்தப்பா, ஆறு எடத்துல பம்ப் வெச்சுக் கொளத்துக்கு ஏத்தறாங்க. அது பூமிக்குள்ள எறங்குனதும் நாம போர்ல எடுப்போம். ஒரே தண்ணிக்கு ரெண்டு தடவ கரண்ட். மொதல்ல நம்ம மோட்டாருக்கு மீட்டர் வெச்சுப் பாக்கலாமுங்களா?”

குஜராத்தில் டுண்டி என்ற கிராமத்தைச் சொன்னான். 2016-ல் அங்கே சில விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து சோலார் பம்புகளை மின் கம்பியோடு இணைத்தார்கள். பாசனம் போக மிஞ்சும் மின்சாரத்தை விற்றார்கள். தண்ணீரை வீணாக இறைத்தால் விற்கக் கரண்ட் குறையும். வெறும் சோலார் பம்ப் மட்டும் கொடுத்தால் பகலெல்லாம் ஓட்டி மிச்சத் தண்ணீரையும் உறிஞ்சிவிடுவோம் என்பதையும் அவனே சொன்னான். ஆயிரம் லிட்டரை ஆயிரம் அடியிலிருந்து தூக்க, நஷ்டமே இல்லாத மோட்டாருக்குக்கூட முக்கால் யூனிட்டுக்கு மேல் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான்.

கணக்கு சரி. எனக்குப் புரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது.

“பெருமாநல்லூர்ல குண்டடி பட்டுச் செத்தவங்களை மறந்துட்டு மீட்டர்ங்கறயா?” என்றேன்.

கூட்டம் கைதட்டியது. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் உயிர்விட்டவர்கள் அவர்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையைத் திணறடித்ததும் மின் கட்டணக் கோரிக்கையோடுதான். என் ராத்திரி மோட்டாரை மறைக்க அவர்கள் சாகவில்லை. அவர்களை நான் கேடயமாகப் பிடித்தேன். அவன் தங்கள் கிணற்றைப் பற்றிக் கேட்டான். “மழையில்லாததுக்கு ஆரு என்ன பண்ண முடியும்?” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் எங்கள் கூட்டத்தில் யாரும் மீட்டர் பேச்சை எடுக்கவில்லை.

பங்காளி முதலில் மாடுகளை விற்றார். பிறகு தோட்டத்தை விற்றார். மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அந்த விற்பனைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

2024 ஆகஸ்ட் 17-ல் திட்டம் தொடங்கியது. செலவு 1,916 கோடி ரூபாய். 1,045 குளம் குட்டைகளுக்கு ஆண்டுக்கு 1.5 டிஎம்சி. எங்கள் குளத்துக்கும் வந்தது. என் போரில் தண்ணீர் ஏறியது. பங்காளிக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. 1.5 டிஎம்சியைச் சமமாகப் பிரித்தால் ஒரு குளத்துக்கு நாலு கோடி லிட்டர் வரும். அதைச் சுற்றி எத்தனை போர், ஒவ்வொன்றும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று எங்களிடம் கணக்கில்லை. கேட்டவனை நான்தான் உட்கார வைத்தேனே.

போன மாதம் அவனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. “இப்பவாவது மீட்டர் வெச்சீங்களா சித்தப்பா?” என்று மட்டும் கேட்டான்.

வைக்கவில்லை. போர்க் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர் மாட்ட யார் அனுமதியும் வேண்டாம். பணமும் பெரிதில்லை. நான் எடுப்பது எவ்வளவு என்று எண்ணாகத் தெரிந்துவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. பழைய குற்றத்தைச் சொல்லிவிட்டேன். இது இன்றைக்கும் நான் செய்துகொண்டிருப்பது. இதையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்லுங்கள்.